“என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சார்”: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை மூன்று கடிதங்களுக்குத்தான் இடம். மூன்றுமே வேலை செய்யும் இடத்தில் வாங்குகிற, கொடுக்கிற பேச்சைப் பற்றியவை. முதல் கடிதம் நீளம், வெட்ட மனம் வரவில்லை. பதிலும் அதனால் நீண்டுவிட்டது.

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். வயது 24. பி.காம். முடித்து, இரண்டு வருடமாக ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் செக்‌ஷனில் இருக்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கஸ்டம்ஸில் தாக்கல் பண்ணுகிற ஷிப்பிங் பில்லுக்கு வேண்டிய விவரம் எல்லாம் தயார் பண்ணி சென்னையில் இருக்கும் கஸ்டம்ஸ் ஏஜென்ட்டுக்கு அனுப்புவது என் வேலை. அப்பா கைலி நெய்கிறவர். அம்மா பல வருடம் தீப்பெட்டி வேலைக்குப் போனவர். எங்கள் வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போகும் முதல் ஆள் நான்தான்.

என் பக்கத்து சீட்டில் ஒரு சார் இருக்கிறார். பன்னிரண்டு வருட சர்வீஸ். எனக்கு மேலதிகாரி இல்லை, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மேனேஜர்தான், ஆனால் அவர் பேசுவதைப் பார்த்தால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். நான் சேர்ந்த நான்காவது மாதம் ஒரு தப்பு செய்தேன். முழு ஷூ இல்லாமல் அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி மட்டும் போகிற சரக்குக்கு 6406 என்று கஸ்டம்ஸ் கோடு போட வேண்டும், நான் பழக்கத்தில் முழுத் தோல் ஷூவுக்குப் போடும் 6403-ஐப் போட்டுவிட்டேன். ஏஜென்ட் பார்த்து போன் பண்ணினார், தாக்கல் பண்ணுவதற்கு முன்பே மாற்றிவிட்டோம், கம்பெனிக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. அன்றிலிருந்து அவர் என்னை ‘நாட் த்ரீ’ என்றுதான் கூப்பிடுகிறார். “நாட் த்ரீ வந்தாச்சா?” “நாட் த்ரீ, அந்த ஃபைலை எடு.” இப்போது புதிதாகச் சேர்ந்த பையன்கூட என்னை அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

அவர் வெளியூர்க்காரர். போனில் நான் வாய் தவறி ‘இன்னா சார்’ என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க ‘இன்னா சார், வந்துக்கினு இருக்கேன் சார்’ என்று என் குரலிலேயே பேசிக் காட்டுவார். சுற்றி இருக்கிற ஆறு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிடுவேன். வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு லீவு கேட்டால் “ஏன், நீ போகலைன்னா சாமி கிளம்பாதா?” என்பார். இதையெல்லாம்விட ஒன்று இருக்கிறது. சரக்கு வாங்குகிற பையர் ஷிப்மென்ட் தேதியை மாற்றினால் மெயில் அவருக்குத்தான் வரும், எனக்குச் சொல்ல மாட்டார். பழைய தேதி போட்டுப் பேப்பரைக் கொண்டுபோனதும் மேனேஜர் முன்னாலேயே “இதைக்கூடப் பார்க்க மாட்டியா, காலேஜ்ல என்னதான் படிச்சே?” என்று கேட்பார். எனக்கு வாய் அடைத்துப் போகும்.

அம்மாவிடம் சொன்னால் “சம்பளம் ஒழுங்கா வருதில்ல, காதுல வாங்காம போ” என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஆனாலே வயிறு பிசைகிறது. கம்பெனி பஸ் பள்ளிகொண்டா தாண்டும்போது அப்படியே இறங்கி வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று இருக்கிறது. வேலையை விட்டுவிடட்டுமா அம்மா?

பதில்: உன்னை ‘நீ’ என்றே எழுதுகிறேன் பாப்பா, என் மகளைவிட இரண்டு வயது சின்னவள் நீ. உன் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி ‘நாட் த்ரீ’ இல்லை, ‘நானும் சிரித்துவிடுவேன்’ என்று எழுதியிருக்கிறாயே, அது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். நானும் சிரித்திருக்கிறேன்.

1989-இல் வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று ஒன்று, வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று ஒன்று. அப்போது வேலூரில் ஓர் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு கடிதத்தில் பழைய பழக்கத்தில் வெறும் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று அடித்துவிட்டேன், அசலும் இரண்டு கார்பன் நகலும். எங்கள் ஹெட் கிளார்க் அந்தத் தாளின் மூலையை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு ஹால் நடுவில் வந்து நின்றார். “கவர்மென்ட் மாவட்டத்தைப் பிரிச்சுது, இந்தம்மா மறுபடி ஒட்டிட்டாங்க” என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கன்னம் இரண்டும் தீயாக எரிந்தது, டைப்ரைட்டர் மேல் வைத்திருந்த கை நடுங்குவது தெரியக் கூடாது என்று விரலை மடக்கிக்கொண்டேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

அன்றைக்குச் சிரிக்காதவர் ஒரே ஒருவர். தபால் பிரிவில் இருந்த ஒரு பெரியவர். ரிட்டயர் ஆக ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ இருந்தது அவருக்கு. எழுந்து வந்து கையை நீட்டி, “சார், அந்தப் பேப்பரை இப்படிக் குடுங்க, பாப்பா வேற அடிச்சுக் குடுக்கட்டும், நாலு மணி தபால்ல போகணும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபமும் இல்லை, எனக்குப் பரிந்து ஒரு வார்த்தையும் இல்லை. ஹெட் கிளார்க் ஒரு நிமிடம் அவர் கையையே பார்த்துவிட்டுத் தாளைக் கொடுத்துவிட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. நான் புதிதாக அடித்துக் கொடுத்தேன், நாலு மணி தபாலில் போனது.

அவர் செய்தது என்ன என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று. ஒரு தப்பு இருந்தது, அதைத் திருத்த வேண்டியிருந்தது. அதன் மேல் ஒரு அவமானம் ஒட்டியிருந்தது. அவர் தப்பை மட்டும் பிரித்து எடுத்து என் மேஜைக்குக் கொண்டுவந்தார், மற்றதை ஹெட் கிளார்க்கிடமே விட்டுவிட்டார். நான் இரண்டையும் ஒன்றாக விழுங்கப் பார்த்தேன், அதனால்தான் சோறு இறங்கவில்லை.

உன் கதையிலும் அதே இரண்டும் ஒட்டிக்கிடக்கின்றன. 6403 போட்டது உன் தப்பு, அதை ஒப்புக்கொண்டாய், மாற்றினாய், அது ஒன்றரை வருடத்துக்கு முன்பே முடிந்த விஷயம். அந்த நம்பரைப் பேராக வைத்துக் கூப்பிடுவது அவருடைய தப்பு, அது இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. முதலாவதற்குக் கடன்பட்டவள் மாதிரி இரண்டாவதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாய். ‘நாம்தானே தப்பு பண்ணோம், இதுகூடச் சொல்ல மாட்டாரா’ என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது பார், அதை முதலில் விட வேண்டும்.

நாளைக்கே சிரிப்பதை நிறுத்து. முறைக்கவும் வேண்டாம். அவர் ‘நாட் த்ரீ’ என்றால் தலையைத் தூக்காதே. இரண்டாவது முறை கூப்பிட்டால் திரும்பி, “என்னைக் கூப்பிட்டீங்களா சார்?” என்று கேள். குரலைப் பேசிக் காட்டினால், “என்ன சார் சொன்னீங்க, கேக்கலை” என்று கேள், நிஜமாகவே கேட்காதவள் கேட்பது மாதிரி. கேலி ஒரு தடவை சொல்லத்தான் நன்றாக இருக்கும், அதையே திருப்பிச் சொல்லச் சொன்னால் சொல்கிறவருக்கே வாயில் மணலாக இருக்கும். முதல் வாரம் உனக்குக் கைகால் உதறும். உதறட்டும். அதற்காகக் குரலை உயர்த்திவிடாதே, அழுகை வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா.

அப்புறம் அவரிடம் தனியாக ஒரு தடவை பேச வேண்டும். பலர் இந்த இடத்தைத் தாண்டி நேராக ஹெச்.ஆர். போய்விடுகிறார்கள், அங்கே முதல் கேள்வியே “அவர்கிட்ட சொல்லிப் பார்த்தியாம்மா?” என்பதாகத்தான் இருக்கும். ஷிப்மென்ட் நெருக்கடி இருக்கிற நாளில் வேண்டாம். மாதக் கடைசி வேண்டாம். சாப்பாடு முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து, சீட்டிலேயே, நாலு வரி: “சார், என் வேலையில தப்பு இருந்தா என்கிட்ட சொல்லுங்க, திருத்திக்கிறேன். நாட் த்ரீன்னு கூப்பிடாதீங்க. நான் பேசறதைப் பேசிக் காட்டாதீங்க. என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க சார்.” இதற்கு முன்னால் ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று சேர்க்காதே. பின்னால் ‘சும்மா சொன்னேன் சார்’ என்று சேர்க்காதே. வீட்டில் நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போ, மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது, வாய்க்குப் பழக வேண்டும். அவர் “ஏம்மா, விளையாட்டுக்குத்தானே, இதுக்குப் போய்” என்பார். நிச்சயம் சொல்வார். “எனக்கு விளையாட்டா இல்ல சார்” என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். விவாதம் பண்ண உட்கார்ந்துவிடாதே. அந்தப் புதுப் பையனிடமும் தனியாகச் சொல்லிவிடு, அவனிடம் “தம்பி, என்னை அக்கான்னு கூப்பிடு” என்றால் போதும், மாறிவிடுவான். அவன் அந்த சாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன்தான்.

‘இன்னா’ பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2019-இல் நம் வேலூரை மறுபடி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக ஆக்கினார்கள். உன் வீடு ஒரு மாவட்டத்தில் இருக்கிறது, வேலை இன்னொரு மாவட்டத்தில். பேச்சை யாரும் பிரிக்கவில்லை. ஆம்பூர் சந்தையிலும் ஆற்காடு பஸ் ஸ்டாண்டிலும் காட்பாடி ஸ்டேஷனிலும் நம் அம்மா அப்பா பேசுகிற பேச்சு அது. பையரோடு பேச வேண்டிய இங்கிலீஷைக் கற்றுக்கொள், ஆபீஸ் போனில் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசிப் பழகு, அது வேலைக்கு வேண்டிய திறமை. ஆனால் ‘இன்னா’ வாயில் வந்துவிட்டதே என்று கூனிக் குறுகாதே. அப்படிப் பேசுகிற ஒரு அப்பா நெய்த கைலிதான் உன்னைப் பி.காம். படிக்க வைத்தது.

இப்போது அந்த மெயில் விஷயம். எனக்கு அதுதான் கோபத்தைக் கிளப்பியது. கேலி பேசுவது ஒரு குணக்கேடு. தகவலை மறைத்துவைத்து, நீ தடுக்கி விழுந்ததும் ஊரைக் கூட்டிக் காட்டுவது வேறு ரகம், அதில் கம்பெனி வேலையே கெடுகிறது. தேதி தவறினால் கன்டெய்னர் நிற்கும், கப்பல் நமக்காக நிற்காது. ஆகவே இதை வாய்ப்பேச்சில் விடாதே. ஒவ்வொரு சரக்குக்கும் பேப்பர் தயார் பண்ணுவதற்கு முன்னால் அவருக்கு இரண்டு வரி மெயில் போடு: ‘இந்த ஆர்டருக்கு ஷிப்மென்ட் தேதி இது என்று வைத்துத் தயார் செய்கிறேன், மாற்றம் இருந்தால் இன்று மாலைக்குள் சொல்லவும்.’ மேனேஜருக்கு ஒரு காப்பி. மரியாதையாக, ஒரே மாதிரி, தினமும். வாயால் சொல்லியனுப்பினால் ‘நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன்’ என்று அதையும் மெயிலில் போடு. ஒரு மாதம் இப்படிப் போனால் யார் சொல்லவில்லை, யார் பார்க்கவில்லை என்பது தானாகவே கோர்வையாகக் கிடக்கும். பையரின் மெயில் உனக்கும் வரும்படி செய்ய முடியுமா என்று மேனேஜரிடம் கேள். உன் வேலைக்கு அது தேவை, கேட்பதில் தப்பே இல்லை.

வீட்டில் ஒரு நோட்டு வை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். ‘ரொம்ப அவமானப்படுத்தினார்’ என்று எழுதாதே, மூன்று மாதம் கழித்துப் படித்தால் உனக்கே என்ன நடந்தது என்று தெரியாது. ‘மேனேஜர் ரூம், காலை 11.20, காலேஜ்ல என்னதான் படிச்சே என்றார், மேனேஜரும் அக்கவுன்ட்ஸ் மேடமும் இருந்தார்கள்’ என்று எழுது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சாடை பேசி எதையும் போட்டுவிடாதே, கோபத்தில் செய்யத் தோன்றும். அது உன் மேலேயே திரும்பும், நோட்டு திரும்பாது.

தனியாகச் சொல்லியும் ஒரு மாதத்தில் மாறவில்லை என்றால் மேனேஜரிடம் போ. போகும்போது ‘மனசு கஷ்டமா இருக்கு சார்’ என்று ஆரம்பித்தால், நல்ல மனிதராக இருந்தாலும் “அனுசரிச்சுப் போம்மா” என்றுதான் சொல்வார். ‘இந்த மாதம் மூன்று ஆர்டரில் தேதி மாறியது எனக்கு வரவில்லை, இதோ மெயில்’ என்று ஆரம்பி. வேலையைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் பேரைச் சொல்லிக் கூப்பிடாததையும் பேசிக் காட்டுவதையும் சொல். இதுவும் போதவில்லை என்றால் எழுத்தில் ஹெச்.ஆருக்கு.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள். கேவலமாகப் பேசுகிற சக ஊழியர் என்பதற்கென்றே தனியாக ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருக்கிற இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம், உங்கள் கம்பெனியில் அது யார் யார் என்று விசாரித்து வை. பேச்சு பெண் என்பதை வைத்து ஆபாசமாகவோ உடம்பைப் பற்றியோ போனால் கதையே வேறு. 2013-ஆம் வருடச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், நடந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழுவே இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். குழு இல்லாத சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. சாதியை வைத்துப் பட்டியல் இனத்தவரையோ பழங்குடியினரையோ நாலு பேர் முன்னால் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இதில் எதையும் ‘ஆபீஸ் விளையாட்டு’ என்று யாரும் பூசி மெழுக விடாதே. உன் கடிதத்தில் இந்த இரண்டும் இல்லை, படிக்கிற வேறு யாருக்காவது வேண்டியிருக்கலாம் என்று எழுதினேன்.

அம்மா சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். தீப்பெட்டி வேலையில் அவர் கேட்காத பேச்சா? சம்பளம் வருகிற வேலையை மகள் விட்டுவிடுவாளோ என்று பயப்படுகிறார், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ‘காதுல வாங்காம போ’ என்பது ஒருநாள் பேச்சுக்குச் செல்லும். தினமும் காதில் விழுவதை எத்தனை நாள் வாங்காமல் இருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை வயிறு பிசைகிறது என்றால் காது வாங்காததை உடம்பு வாங்கிக்கொண்டிருக்கிறது. தூக்கமும் கெட்டால் தள்ளிப்போடாமல் ஒரு டாக்டரைப் பார், இல்லை 14416-க்குப் பேசு. அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் அது, காசு இல்லை, தமிழில் பேசலாம்.

வேலையை விடுவதா? இன்றைக்கு வேண்டாம். மேலே சொன்னதை எல்லாம் செய்து பார்க்காமல் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டால் ‘நாட் த்ரீ’ உன்னோடே அடுத்த கம்பெனிக்கும் வரும். மூன்று மாதம் கொடு. அதற்குள் உன் பயோடேட்டாவை எழுதி வை, பி.எஃப். கணக்கில் மாதா மாதம் பணம் ஏறுகிறதா என்று பாஸ்புக்கைப் பார்த்து வை. இன்வாய்ஸில் இருந்து ஷிப்பிங் பில் வரை தெரிந்த ஆளுக்கு ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்த நெடுஞ்சாலை முழுக்க வேலை இருக்கிறது. மூன்று மாதம் கழித்தும் மேனேஜர் கைகட்டி வேடிக்கை பார்த்தால், வேறு இடத்தில் வேலைக்கான ஆர்டரைக் கையில் வாங்கிக்கொண்டு, நோட்டீஸ் நாளை முழுதாக முடித்து, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு கிளம்பு. அப்படிப் போவதை ஓட்டம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒன்றை விட்டுவிட்டேன். சுற்றி ஆறு பேர் சிரிக்கிறார்கள் என்றாயே, ஆறு பேருமா? நன்றாகப் பார். ஒருவராவது குனிந்து தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். அவரோடு போய் டீ குடி.

கேள்வி: வயது 52. காட்பாடியில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். எல்லாம் கம்ப்யூட்டர் ஆன பிறகு எனக்குத் தடுமாற்றம். என்னைவிட இருபது வயது சின்னப் பெண், எதைக் கேட்டாலும் “எத்தனை தடவை சார் சொல்றது” என்று சலித்துக்கொள்கிறாள். வயதுக்காவது மரியாதை வேண்டாமா?

பதில்: வேண்டும். ஆனால் ஐயா, கோபப்படாமல் ஒன்று கேட்கிறேன், எத்தனை தடவை கேட்டீர்கள்? ஒரே விஷயத்தை ஐந்தாவது தடவை கேட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வேலையும் ஐந்து தடவை நின்றிருக்கிறது. அவள் சொல்லும்போது ஒரு தாளில் ஒவ்வொரு படியாக எழுதிக்கொள்ளுங்கள், ‘முதலில் இதை அமுக்கு, அப்புறம் இங்கே பேரை அடி’ என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி. தாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும். வாரம் இரண்டு புது விஷயம் போதும். இதைச் செய்த பிறகும் அவள் பத்து பேர் முன்னால் சலித்துக்கொண்டால், “அம்மா, தெரியலைன்னுதான் கேக்கறேன், மெதுவா சொல்லு” என்று அங்கேயே சொல்லுங்கள். அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்து அந்த அலுவலகத்தில் எந்த ஃபைல் எதற்காக இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அவள் அதைக் கேட்டு வருகிற நாளில் சலித்துக்கொள்ளாமல் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: மேடம், நான் வாணியம்பாடி பக்கம் ஒரு ஷூ யூனிட்டில் தையல் லைன் சூப்பர்வைசர். வயது 38. என் லைனில் முப்பது பேர், எல்லோரும் பெண்கள். டார்கெட் குறைந்தால் மேலே இருந்து எனக்குத் திட்டு விழும், நான் கீழே திட்டுவேன். நான் ஹெல்ப்பராகச் சேர்ந்தபோது என்னையும் அப்படித்தான் திட்டி வளர்த்தார்கள். போன மாதம் ஒரு பெண் மறுபடி மறுபடி தையலைக் கோணலாகப் போட்டாள். பத்து ஜோடி அப்பர் வீணாகிவிட்டது. அந்த அப்பரை அவள் மிஷின் மேல் வீசி, “உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது, வீட்டுல போய் மாடு மேய்” என்று கத்திவிட்டேன். மறுநாளில் இருந்து அவள் வரவில்லை. அவளுக்குக் கண் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை என்று பக்கத்து மிஷின் அக்கா சொன்னார். எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பதில்: முதல் கடிதத்தைப் படித்தீர்களா? அந்தப் பெண்ணின் பக்கத்து சீட்டில் இருப்பவர் இப்படி ஒரு கடிதம் எழுதுவாரா என்று நினைத்துப் பார்த்தேன். நீங்கள் எழுதிவிட்டீர்கள், அதனால் உங்களிடம் மறைக்காமல் பேசலாம்.

உங்களைத் திட்டி வளர்த்தார்கள் என்கிறீர்கள். திட்டினதால் வளர்ந்தீர்களா, யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று ஊசியை எப்படிப் பிடிப்பது, தோல் வளைகிற இடத்தில் எப்படி மிஷினை மெதுவாக விடுவது என்று காட்டினதால் வளர்ந்தீர்களா? நிதானமாக யோசியுங்கள். திட்டினவர் முகம் ஞாபகம் இருக்கும், காட்டிக் கொடுத்தவர் கை ஞாபகம் இருக்கும். தையல் அந்தக் கையில் இருந்துதான் உங்களுக்கு வந்தது.

மேலே இருந்து விழுகிற திட்டை அப்படியே கீழே இறக்குவது சூப்பர்வைசர் வேலை என்று பல இடத்தில் ஆகிவிட்டது. டார்கெட் நிஜம், நெருக்கடி நிஜம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் ஜோடி கோணலாக வந்தபோதே எழுந்து போய், “ஏம்மா, இன்னா ஆச்சு, லைட் பத்தலையா?” என்று கேட்டிருந்தால் ஒன்பது ஜோடி மிஞ்சியிருக்கும். ஒரு பெண் தினமும் சரியாகத் தைத்தவள் திடீரென்று தடுமாறினால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும். அதை உங்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, கண் தெரியவில்லை என்றால் வேலை போய்விடும் என்று பயந்திருப்பாள். அந்தப் பயம் அவளுக்கு மட்டுமா? மிச்சம் இருபத்தொன்பது பேரிடமும் உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இப்படி மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

அவள் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டாம், அந்தப் பக்கத்து மிஷின் அக்காவைக் கூட்டிக்கொண்டு, வீட்டில் பெரியவர்கள் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள். “அப்படிப் பேசினது என் தப்பு” என்று சொல்லுங்கள். டார்கெட், மேனேஜர், பத்து ஜோடி, எதையும் அந்த வாக்கியத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது மன்னிப்பு ஆகாது, கணக்கு ஆகிவிடும். கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வழி சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் டிஸ்பென்சரிக்கு எப்படிப் போவது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம், நீங்களே விவரம் கேட்டுச் சொல்லுங்கள். திரும்பி வந்தால் அதே மிஷின், அதே கூலி என்று கம்பெனியில் பேசி உறுதி வாங்கிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், வாங்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இது பாதிதான். நீங்கள் கத்தியது முப்பது பேர் கேட்க. மன்னிப்பை ஒரு வீட்டுத் திண்ணையில் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் லைனில் இருக்கிறவர்கள் காதில் இன்னும் அந்த ‘மாடு மேய்’தான் இருக்கும். ஆகவே திங்கட்கிழமை காலை, மிஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால், எல்லோரும் உட்கார்ந்ததும், அவள் மிஷின் பக்கத்தில் போய் நின்று அங்கேயே சொல்லுங்கள். இரண்டு வரி போதும். அவள் வந்திருந்தாலும் சொல்லுங்கள், வராமல் அந்த ஸ்டூல் காலியாக இருந்தாலும் சொல்லுங்கள்.